புலம்பல் சிநேகம்

இக்காலத்தில் சிநேகம் என்பது தெருவையும் ஊரையும் தாண்டிப் போய்விட்டது. முன்னெல்லாம் சிநேகிதன் என்றால் ஒரே தெருவில் வளர்ந்தவனாகவோ, ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவனாகவோ, ஒரே தொழிலில் கூடிப் பழகினவனாகவோ இருப்பான். இப்பொழுது செல்போன் வந்த பிறகு, தென்காசியில் இருக்கின்றவனும் திருவள்ளூரில் இருக்கின்றவனும் ஒருவர் முகத்தை ஒருவர் நேரில் பாராமலே வருஷக்கணக்காய்ச் சிநேகிதராய் இருக்கின்றார்கள். இதை நாம் குறை சொல்ல வரவில்லை. என்ன ஜாதி, எந்தத் தெரு, யார் வீட்டுப் பிள்ளை என்று கேளாமலே இரண்டு பேர் மனம்விட்டுப் பேசிக்கொள்ள ஒரு வழி ஏற்பட்டிருக்கின்றதென்றால், அது சந்தோஷப்பட வேண்டிய காரியமே ஆகும்.

ஆனால் இந்தச் சிநேகத்தில் ஒரு புதுவிதமான தொல்லையும் கூடவே வளர்ந்து வருகின்றது. அதாவது, எப்பொழுது செல்போனைத் திறந்தாலும் அழுகையும் சலிப்பும் அவநம்பிக்கையுமே பேசுகின்ற சிநேகிதனை என்ன செய்வது என்பதாகும். இது அற்ப விஷயம், இதற்கு ஒரு வியாசமா என்று சிலர் நினைக்கலாம். அனேக வாலிபர்களின் இராத் தூக்கமும், படிப்பும், தைரியமும் இந்த ஒரு காரியத்தினால் கெட்டு வருவதை அறிந்தவர்கள் அப்படி நினைக்கமாட்டார்கள்.

உதாரணமாக, சர்க்கார் உத்தியோகப் பரீட்சைக்குப் படிக்கின்ற இரண்டு வாலிபர்களை எடுத்துக்கொள்ளுவோம். ஒருவன் பகலில் ஜவுளிக்கடையில் நின்றுவிட்டு இரவில் படிக்கிறவன். மற்றவன் வேறு ஜில்லாவில் வீட்டில் இருந்து படிக்கிறவன். பாடக் குறிப்புகளைப் பகிர்ந்துகொள்ளுகின்ற ஒரு டெலிகிராம் கூட்டத்தில் இருவருக்கும் பழக்கம் ஏற்பட்டது. முதல் இரண்டு மாதம் கணக்கு, வரலாறு, பழைய வினாத்தாள் என்று பேச்சு நடந்தது. அதற்குப் பிறகு வருவதெல்லாம் ஒரே பாட்டு. "படிச்சு என்ன நண்பா ஆகப்போகுது? எல்லாம் பணம் குடுத்தவனுக்குத்தான்." "நமக்கு வாய்ச்சது இவ்வளவுதான்." "நீயும்தான் படிக்கிறே, பார்க்கத்தானே போறோம்." இராத்திரி பதினோரு மணிக்கு ஆரம்பித்தால் ஒரு மணிக்கு முடியும். கடைக்காரப் பையன் பதில் போட்டால் அதைவிடப் பெரிய புலம்பல் வரும். பதில் போடாவிட்டால், "நீயும் மத்தவங்க மாதிரிதான்" என்று வரும். கடைசியில் இவனும் புத்தகத்தை மூடிவிடுகின்றான்.

இப்படிப்பட்ட நிலைமையில் ஊரில் சொல்லப்படுகின்ற யோசனை இரண்டேதான். ஒன்று, "பாவம், சிநேகிதனாச்சே, பொறுத்துக்கொள்" என்பது. மற்றொன்று, "தலைவலி எதற்கு, பிளாக் பண்ணிவிட்டுப் போ" என்பது. இரண்டிலும் யோசனை செய்யவேண்டிய பாகம் விட்டுப்போயிருக்கின்றது. ஆகையால் முதலில் அந்தப் புலம்பல் என்ன சாமான் என்று பிரித்துப் பார்ப்போம்.

முதலாவதாக, புலம்புகிறவன் சொல்வதெல்லாம் பொய் என்று நாம் சொல்ல முடியாது. 2024-ம் வருஷம் நடந்த குரூப் 4 பரீட்சைக்கு முதலில் அறிவிக்கப்பட்ட இடங்கள் 6,244. மனுச் செய்தவர்களோ சுமார் 20 லட்சம் பேர். அதாவது ஓர் இடத்துக்கு 300 பேருக்கு மேல். இந்தக் கணக்கைப் பார்த்து ஒருவன் மனம் சோர்ந்தால் அவனை முட்டாள் என்று யார் சொல்ல முடியும்? "எல்லாம் நன்மைக்கே", "நல்லதையே நினை, நல்லதே நடக்கும்" என்று சொல்லிக் கொடுக்கின்றவர்கள் கூட்டத்தில் நாம் சேர்ந்தவர்களல்ல. நினைத்தால் நடக்கும் என்பதும், நெற்றியில் எழுதினபடிதான் நடக்கும் என்பதும் ஒரே குட்டையில் ஊறின மட்டைகளே. இரண்டும் கை காலை அசைக்காமல் உட்கார்ந்திருப்பதற்குச் சமாதானம் சொல்லுகின்றவைகளேயாகும்.

அன்றியும், குறை சொல்லுவதையே ஒரு குற்றமாக நாம் எப்படிச் சொல்லக் கூடும்? உலகத்தில் எந்தச் சீர்திருத்தமும் யாரோ ஒருவன் "இது சரியில்லை" என்று குறை சொன்னதிலிருந்துதான் பிறந்திருக்கின்றது. கிணற்றில் தண்ணீர் எடுக்கக் கூடாது என்றபோது, "ஏன் கூடாது?" என்று கேட்டவன் குறை சொன்னவன்தானே? குறை சொல்ல வாயில்லாத ஜனங்கள் அடிமைகளாய்த்தான் இருந்திருக்கின்றார்கள்.

அப்படியானால் குறை சொல்லுவதற்கும் புலம்புவதற்கும் என்ன வித்தியாசம்? நமக்குத் தெரிந்த வித்தியாசம் இதுதான். குறை சொல்லுகிறவன் ஒரு பதிலை எதிர்பார்க்கின்றான். பதில் கிடைத்தால் அடுத்த பேச்சுக்குப் போகின்றான். புலம்புகிறவனுக்குப் பதில் இடைஞ்சலாய் இருக்கின்றது. "உங்கள் ஜில்லா வேலைவாய்ப்பு ஆபீசில் இலவசமாய் வகுப்பு நடத்துகின்றார்களே, போய்ப் பார்த்தாயா?" என்று கேட்டால், குறை சொல்லுகிறவன், "எத்தனை மணிக்கு?" என்று கேட்பான். புலம்புகிறவன், "அங்கெல்லாம் போயி என்ன ஆகப்போகுது?" என்பான். ஒருவனுக்குக் கதவு வேண்டும். மற்றவனுக்குச் சுவர் இருந்தால் போதும், சாய்ந்துகொண்டு அழுவதற்கு.

நிற்க, இந்தப் புலம்பலைக் கேட்கிறவனுக்கு என்ன ஆகின்றது என்று பார்ப்போம். இது வெறும் ஊகமல்ல, பரீட்சித்துப் பார்க்கப்பட்ட விஷயம். அமெரிக்காவில் ஜேம்ஸ் காய்ன் என்கின்ற மனோதத்துவ ஆராய்ச்சியாளர் 1976-ல் ஒரு சோதனையை வெளியிட்டார். கல்லூரி மாணவர்களைச் சிலரோடு டெலிபோனில் 20 நிமிஷம் பேசும்படி செய்தார். பேசினவர்களில் ஒரு பகுதியார் மனச்சோர்வு வியாதியுள்ளவர்களுடனும், மற்றவர்கள் அந்த வியாதி இல்லாதவர்களுடனும் பேசினார்கள். முகத்தைப் பார்க்கவில்லை, குரல் மாத்திரமே. வியாதியஸ்தருடன் பேசின மாணவர்கள் பேச்சு முடிந்ததும் மனச்சோர்வும் கவலையும் எரிச்சலும் அதிகமாய் உடையவர்களாய் இருந்தார்கள். இனியும் அவர்களோடு பேச விருப்பமா என்றால், விருப்பம் குறைவாகவே இருந்தது. 20 நிமிஷத்துக்கே இப்படியானால், தினம் இரண்டு மணி நேரம் வீதம் ஒரு வருஷம் கேட்கின்றவன் கதி என்ன என்று வாசகர்களே யோசித்துக்கொள்ளலாம்.

பேஸ்புக் கம்பெனியாரும் 2012 ஜனவரியில் ஒரு வாரம் ஒரு சோதனை செய்தார்கள். 6,89,003 பேருக்குத் தெரியாமலே, அவர்கள் கண்ணில் படும் சங்கதிகளில் சிலருக்குச் சந்தோஷமானவற்றையும் சிலருக்குத் துக்கமானவற்றையும் குறைத்தார்கள். சந்தோஷம் குறைக்கப்பட்டவர்கள் தாங்கள் எழுதும்போதும் சந்தோஷ வார்த்தைகளைக் குறைத்தும், துக்க வார்த்தைகளைக் கூட்டியும் எழுதினார்கள். துக்கம் குறைக்கப்பட்டவர்கள் அதற்கு நேர்மாறாக எழுதினார்கள். 2014-ல் இது வெளியானபோது, மனிதர்களைக் கேளாமல் அவர்கள் மனதைத் தொடுவது என்ன யோக்கியதை என்று உலகமே கண்டித்தது, அது நியாயந்தான். அந்த மாறுதலும் ஆயிரம் வார்த்தைக்கு ஒரு வார்த்தை என்கின்ற அளவுக்கே இருந்தது என்பதையும் நாம் மறைக்கக் கூடாது. அவை எல்லோருக்குமாகப் பொதுவில் எழுதினவையே. நம் பேரைச் சொல்லி, நமக்கென்றே, நடு இராத்திரியில் வருகின்ற சொல் அதைவிட ஆழமாய்த் தைக்கும் என்பதற்கு ஆராய்ச்சி வேண்டியதில்லை.

போகட்டும், கேட்கிறவனுக்குக் கஷ்டமானாலும் சொல்லுகிறவனுக்காவது பாரம் இறங்குகின்றதா? இறங்கினால் சிநேகத்துக்காகக் கொஞ்சம் கஷ்டப்படலாமே என்று கேட்கலாம். சொல்லி அழுதால் ஆறும் என்பது நம் நாட்டு வழக்கச் சொல். ஒரு தரம், இரண்டு தரம் சொல்லி அழுதால் ஆறுவது உண்மையே. ஆனால் ஒரே புண்ணைத் தினமும் கிளறினால் அது ஆறுமா?

அமாண்டா ரோஸ் என்கின்ற ஆராய்ச்சிக்கார அம்மையார் 2002-ல் பள்ளிக்கூடப் பிள்ளைகளிடையே ஆராய்ந்து ஒரு விஷயத்தைக் கண்டார். இரண்டு சிநேகிதர்கள் கூடிக் கூடித் தங்கள் சங்கடத்தையே திருப்பித் திருப்பிப் பேசிக்கொள்ளும் இடத்தில் சிநேகம் நெருக்கமாய் இருக்கின்றது. அதே இடத்தில் மனச்சோர்வும் கவலையும்கூட அதிகமாய் இருக்கின்றது. இந்தச் சிநேகத்தை ஏன் விட முடிவதில்லை என்பதற்கு விடை இதில் அடங்கியிருக்கின்றது. நெருக்கம் என்னும் வெல்லத்தில் கசப்பு மாத்திரை கலந்து வருகின்றது. அதே 2002-ல் பிராட் புஷ்மன் என்பவர் கோபத்தைப் பற்றி ஒரு சோதனை செய்தார். மாணவர்களுக்கு வேண்டுமென்றே கோபம் மூட்டி, கோபமூட்டினவனை நினைத்துக்கொண்டே ஒரு மூட்டையைக் குத்தும்படி சிலரை விட்டார். வேறு சிலரைச் சும்மா உட்காரவைத்தார். குத்தினவர்களுக்குக் கோபம் தணிந்திருக்கவேண்டுமென்றுதானே நினைப்போம்? சும்மா உட்கார்ந்தவர்களைவிட அவர்களுக்கே கோபம் அதிகமாய் இருந்தது. ஆகவே, கொட்டிவிட்டால் தீர்ந்துபோகும் என்பதும் பரீட்சையில் தேறாத ஒரு நம்பிக்கையே என்று தெரியவருகின்றது.

இதில் இன்னொரு சக்கரமும் சுற்றுகின்றது. கேட்கிறவன் சலித்துப்போன பிறகும், "சரியாயிடும் நண்பா, கவலைப்படாதே" என்று வாயால் சொல்லிவைக்கின்றான். புலம்புகிறவன் மடையனல்லவே! அந்தச் சொல்லில் உயிரில்லை என்பது அவனுக்குத் தெரிந்துபோகின்றது. "இவன் நிஜமாய்ச் சொல்லுகிறானா?" என்று சந்தேகம் வந்து, இன்னும் உரக்கப் புலம்பிப் பரீட்சை பார்க்கின்றான். இவன் இன்னும் பொய்யான ஆறுதலைச் சொல்லுகின்றான். மேலே சொன்ன காய்னும் இதையேதான் எடுத்துக்காட்டினார். ஆகவே மனதில்லாமல் சொல்லும் ஆறுதல் இரக்கமாகாது. அது அவன் வியாதிக்குப் போடும் எருவே ஆகும்.

செல்போன் இந்தத் தொல்லையை எப்படிப் பெருக்குகின்றது என்பதையும் கவனிக்க வேண்டும். டீக்கடையில் உட்கார்ந்து ஒருவன் புலம்பினால், கேட்கிறவன் கொட்டாவி விடுவதைப் பார்த்தாவது நிறுத்துவான். கடைக்காரன் பலகை எடுத்துவைத்தால் எழுந்துபோக வேண்டும். செல்போனில் கொட்டாவியும் தெரியாது, கடையும் மூடாது. போதாததற்கு 2014-ல் வாட்ஸ்அப்பில் நீலக் குறி என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். செய்தியைப் பார்த்துவிட்டோம் என்பதை அது காட்டிக்கொடுத்துவிடுகின்றது. "பாத்துட்டும் பதில் போடலே" என்கின்ற வழக்கு அன்று முதல் ஆரம்பித்தது. அந்தக் குறி தெரியாமல் நிறுத்திவைக்க அதிலேயே வழி இருக்கின்றது என்பதை அறியாதவர்கள் இன்னும் அனேகர்.

இதைவிட முக்கியமானதொன்று உண்டு. நேரில் பழகும் சிநேகிதன் சிரிப்பதையும் சாப்பிடுவதையும் பந்து விளையாடுவதையும் நாம் பார்க்கிறோம். செல்போன் சிநேகிதனின் புலம்பலை மாத்திரமே பார்க்கிறோம். பகலெல்லாம் அவன் நாலு பேரோடு சிரித்துவிட்டு, இரவில் நம்மிடம் மட்டும் குப்பை கொட்டுகிறவனாய் இருக்கலாம். அல்லது உலகத்தில் நம்மைத் தவிர ஒருவரும் இல்லாதவனாயும் இருக்கலாம். இரண்டில் எது என்று செல்போன் திரை சொல்லாது. ஆகையால் ஊகித்துக் கோபித்துக்கொள்ளுவதும் தப்பு, ஊகித்துப் பரிதாபப்படுவதும் தப்பு. கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இனி, செய்ய வேண்டியது என்ன என்பதற்கு வருவோம்.

முதலில், "இதை நான் கேட்டுக்கொண்டால் போதுமா, இல்லை ஏதாவது வழி யோசிக்கவேண்டுமா?" என்று நேராய்க் கேட்டுவிட வேண்டும். அனேக சண்டைகள் இது தெரியாமல் வருகின்றவைகளே. ஒருவன் கேட்டுக்கொள்ளச் சொல்லும்போது மற்றவன் யோசனையை அள்ளிக் கொட்டுகின்றான்.

இரண்டாவது, ஒவ்வொரு புலம்பலுக்கும் ஒரே கேள்வியைப் பதிலாக வைக்க வேண்டும். "சரி, நாளைக்குக் காலையில் இதைப் பற்றி நீ என்ன செய்யப்போகிறாய்?" என்பதே அது. பெரிய காரியம் வேண்டியதில்லை. பத்துக் கணக்குப் போடுவது, ஒரு மனு எழுதுவது, ஒருவரைப் போய்ப் பார்ப்பது எதுவானாலும் சரி. மறுநாள் அதைப் பற்றி மறவாமல் கேட்க வேண்டும். செய்திருந்தால் மனதாரச் சந்தோஷப்பட வேண்டும். புலம்பலுக்கு அரை மணி நேரம் பதில் சொல்லிவிட்டு, செய்த காரியத்துக்கு ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்பிவிட்டுப் போகின்றவன், தன் சிநேகிதனுக்குப் புலம்பவே பழக்கிக் கொடுக்கின்றான்.

மூன்றாவது, நேரத்துக்கு ஒரு கட்டு வேண்டும். "இராத்திரி ஒன்பது மணிக்குமேல் நான் படிக்கிறேன், செல்போனைப் பார்க்கமாட்டேன்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு, அதன்படி மியூட் செய்துவிட்டுப் போவதில் துரோகம் ஒன்றுமில்லை. சொல்லாமல் மறைந்துபோவதுதான் துரோகம்.

நான்காவது, மனதில் உள்ளதைச் சொல்லிவிட வேண்டும். அவன் அழுதுகொண்டிருக்கும்போது சொல்லாமல், சமாதானமாய் இருக்கின்ற ஒரு நாளில் சொல்ல வேண்டும். "உன் கஷ்டம் பொய் என்று நான் சொல்லவில்லை. தினமும் இதையே பேசுவதால் எனக்கும் புத்தகத்தில் மனம் நிற்கவில்லை. உனக்கும் ஒன்றும் குறைந்ததாகத் தெரியவில்லை. நாம் பழையபடி கணக்கைப் பற்றிப் பேசுவோம்" என்று சொல்லுவதில் என்ன கெட்டுவிடும்? கெட்டுவிடுமானால், அது இத்தனை நாளும் சிநேகமாய் இருந்ததா என்றே சந்தேகிக்க வேண்டும்.

இங்கே சிலருக்கு ஒரு கூச்சம் வரும். இப்படிச் சொன்னால் நாம் இரக்கமில்லாதவர்கள் ஆகிவிடமாட்டோமா என்று நினைப்பார்கள். "நல்லவன்" என்கின்ற பட்டத்துக்காகத் தன் தூக்கத்தையும் படிப்பையும் விற்றுவிட்டு, உள்ளுக்குள் அவனைத் திட்டிக்கொண்டே "ம்... ம்..." என்று கேட்டுக்கொண்டிருப்பது எந்த ஊர் இரக்கம்? இன்னும் உண்மையாய்ச் சொன்னால், மற்றவன் அழ அழத் தான் அவனைவிட மேலானவன் என்கின்ற ஒரு இரகசிய சந்தோஷமும் சிலருக்கு இதில் உண்டு. அப்படிப்பட்டவர்கள் சிநேகிதனைத் தமக்குச் சமமானவனாய் மதிக்காமல், பிச்சைக்கு வந்தவனாய் நினைத்து ஆறுதல் போடுகின்றவர்களே ஆவார்கள். "உன்னால் நடக்க முடியும், எழுந்திரு" என்று சொல்லுகின்றவனே அவனை மனிதனாய் மதிக்கின்றான்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. மேலே சொன்னதெல்லாம் புலம்பல் வழக்கமாகிவிட்டவனைப் பற்றியதே. வியாதியாய்ப் போனவனைப் பற்றியதல்ல. இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, முன்பு பிடித்த எதிலும் மனம் செல்லவில்லை என்றால் அது சோம்பேறித்தனமும் அல்ல, குணக்கேடும் அல்ல. மனச்சோர்வு என்கின்ற வியாதியாய் இருக்கலாம். காய்ச்சலுக்கு வைத்தியரைப் பார்ப்பதுபோல் அதற்கும் வைத்தியரைப் பார்க்க வேண்டும். "நான் இருந்து என்ன பிரயோஜனம்" என்கின்ற பேச்சு வந்துவிட்டால் மியூட்டும் நேரக் கட்டும் அந்த நிமிஷமே தள்ளிவைக்கப்பட வேண்டியவை. "செத்துப்போகலாம் என்று நினைக்கிறாயா?" என்று நேராய்க் கேட்க வேண்டும். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே உண்டாக்கிவிடுவோம் என்பது வீண் பயம். கேட்டதனால் மனம் திறந்து பேசிப் பிழைத்தவர்கள் உண்டு.

இதற்கென்றே கேட்கப் பழகினவர்கள் இருக்கின்றார்கள். 1953-ல் லண்டனில் சமாரிட்டன்ஸ் என்கின்ற ஸ்தாபனம் டெலிபோன் மூலமாய்க் கேட்கும் வேலையை ஆரம்பித்தது. சென்னையில் 1986-ல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் ஆரம்பித்த சினேகா அதே காரியத்தைச் செய்து வருகின்றது. 2022 அக்டோபர் முதல் இந்திய சர்க்காரின் டெலி மானஸ் 14416 என்கின்ற எண்ணில் இலவசமாய்ப் பேசுகின்றது. போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து மறைப்பவர்களும் இருக்கின்றார்கள். 2017-ல் செய்த மனநலச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவரை மன நெருக்கடியில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கின்றது. 2024 ஜூலை முதல் அமலில் உள்ள புதிய தண்டனைச் சட்டத்தில் பழைய 309-வது பிரிவே இல்லை.

செல்போன் சிநேகிதர்களுக்கு மாத்திரம் உரிய ஒரு ஜாக்கிரதையும் உண்டு. ஆபத்து வருகின்ற இரவில் அவன் எந்த ஊர், எந்தத் தெரு என்று தெரியாமல் கையைப் பிசைந்துகொண்டு நிற்பவர்கள் அனேகர். ஆகையால் சௌக்கியமாய் இருக்கும் காலத்திலேயே ஒருவர் விலாசத்தையும், வீட்டாரில் ஒருவருடைய போன் எண்ணையும் மற்றவர் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். வருஷக்கணக்காய்ப் பழகினவரிடம் இதைக்கூடக் கேட்க முடியாதென்றால், பழகி என்ன பயன்?

கடைசியாக, எல்லாம் செய்தும் பயனில்லை, சொன்ன எந்த யோசனையையும் கேளாமல் நம்மையே வைகின்றான், "நீ பேசாவிட்டால் பார்" என்று மிரட்டிக் கட்டிப்போடுகின்றான் என்றால், அவன் வீட்டாருக்கோ மேலே சொன்ன உதவிக்காரர்களுக்கோ தெரியப்படுத்திவிட்டு, அவனிடமும் காரணத்தைச் சொல்லிவிட்டு விலகிக்கொள்ளுவதில் யாதொரு பாவமும் இல்லை. ஒருவனுக்கு வைத்தியனும், தாயும், சிநேகிதனும், வீட்டு நாற்காலியும் எல்லாமாய் ஒரே ஆள் இருப்பது யாராலும் ஆகாத காரியம்.

வாசகர்கள் இதைப் படித்தவுடன், "ஆமாம், இன்னான் இப்படித்தான்" என்று ஒருவனை நினைத்துக்கொண்டிருப்பார்கள். அதோடு, இன்று இரவு தங்கள் செல்போனை எடுத்து, தாங்கள் கடைசியாய் ஒரு சிநேகிதருக்கு அனுப்பின இருபது செய்திகளையும் ஒரு தரம் வாசித்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்ளுகின்றோம். அவற்றில் எத்தனை கேள்வி, எத்தனை காரியம், எத்தனை புலம்பல் என்று எண்ணிப் பார்த்து, அதற்குமேல் எது நியாயமென்று தோன்றுகின்றதோ அதைச் செய்வார்களாக.